இருமுறை அழைக்காதே

திருப்பூர், காங்கயம் ரோடு, பனியன் கம்பெனி மாடி.
ஓவர்லாக் எந்திரங்கள் தரையைத் துடிக்கவிடும் அறையில்
எனக்கு வந்த வேலை இது:
ஆய்வுக் கருவி சிவப்பில் எழுதியிருக்கிறது,
முந்நூற்றுப் பதினேழு முறை, ஒரே வாக்கியத்தை.
'விளக்கக் குறிப்பு இடம் தவறியுள்ளது.'

'குறிப்ப மட்டும் நகத்துனாப் போதுமுங்.
கோடிங்ல கை வெக்க வேண்டாமுங்' என்றார் அர்த்தனாரி.
ஆடிட்டுக்குள் பட்டியல் காலியாக வேண்டும்.

கருவி எதையும் ஓட்டிப் பார்ப்பதில்லை.
படிக்கும். படித்துவிட்டுக் குறை சொல்லும்,
கல்யாண வீட்டில் இலையில் உட்காருமுன்பே
உப்பில்லை என்கிற ஒரம்பரை மாதிரி.
பெரும்பாலும் உப்பில்லைதான்.

ஃபங்ஷனின் நேர் தலைக்கு மேல் இருக்க வேண்டிய குறிப்புகள்
சில, உள்ளே புகுந்து நடுவயிற்றில் படுத்திருந்தன.
சில, எப்போதோ அழித்துப்போட்டதற்காக
இன்னும் பேசிக்கொண்டிருந்தன:
'துணியின் எடையைக் கிலோவில் தரும்.'
கீழே ஒரு வெற்று வரி. அப்புறம் பில் அச்சடிக்கும் பகுதி.
'திருப்பித் தருவது: எண்' என்று ஒன்று,
எதையுமே திருப்பித் தராத ஒன்றின் மேல்.
சிரித்துவிட்டேன்.
'என்னாச்சுங்க்கா?' என்றாள் மரகதவல்லி.
சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெட்டு. மேலே போ. ஒட்டு.
மதியத்துக்குள் நூற்று நாற்பது.
டீ மணி அடிக்க, எந்திரங்கள் நின்று
தரை கொஞ்ச நேரம் தரையாக இருந்தது.

இருநூற்று எட்டாவது,
தேதியை நாள், மாதம், ஆண்டாக அடுக்கும் சின்ன ஃபங்ஷன்.
அதன் தலையில்:
'ஒரே வாரத்துக்கு இதை இருமுறை அழைக்காதே.
அழைத்தால் இருமுறை பிடிக்கும். குழந்தைவேல்.'

தேதி எதைப் பிடிக்கும்?

பழைய பதிப்புகளைப் புரட்டினேன்.
நான் சேருமுன் போய்விட்ட குழந்தைவேல்
இதை எழுதியது அட்வான்ஸ் கழிப்பதற்கு.
நேர் மேலே, ஒரு வரி இடைவெளியும் விடாமல்.
பிறகு ஒரு மார்ச் மாத அவசரத்தில்
யாரோ இரண்டுக்கும் நடுவே தேதியைச் செருகியிருக்கிறார்கள்.
குறிப்பு நகரவில்லை. கீழே ஆள் மாறிவிட்டது.
அட்வான்ஸ் வெறுந்தலையோடு,
தொட்டால் ஒன்றும் செய்யாததுபோல் நின்றது.

செருகியவர் பெயர் பக்கத்திலேயே இருக்கும்.
இருந்தது. என்னுடையது.
அந்த மார்ச் எனக்கு ஞாபகமில்லை.
தேதி மட்டும் சரியாக அச்சாகிறது.

அழைப்புகளைத் தேடினேன்.
சம்பளப் பட்டியலில் ஒருமுறை.
சனி நைட் ஷிஃப்ட் ஞாயிறுக்குள் நீண்டவர்களுக்கு
இன்னொருமுறை.
நாற்பத்தொரு பேர்.
செக்கிங் பழனாத்தாள், அயர்னிங் தபன் பெஹெரா,
மடிப்பு மேசை ருக்கையா பீவி...
இருநூறு பிடிக்க வேண்டிய வாரத்தில் நானூறு;
பாக்கிக் கணக்கில் குறைந்தது இருநூறே.
யாராவது வந்து கேட்டிருப்பார்கள்.
'கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வருது' என்று
யாராவது சொல்லியிருப்பார்கள்.
நானாகக்கூட இருக்கலாம்.

குறிப்பை வெட்டி அதன் சொந்தத் தலையில் ஒட்டினேன்.
இருநூற்று எட்டு மறைந்தது.
இரண்டாவது அழைப்பு அப்படியேதான் இருந்தது.
கருவிக்கு அதில் ஒரு குறையுமில்லை.

பொழுதோட பட்டியல் காலி.
'ஒரே நாள்ல முடிச்சுட்டீங்ளே!'
'ஒன்னு பாக்கி இருக்குதுங்' என்றேன்.
அர்த்தனாரி திரையைப் பார்த்தார். 'பூஜ்யம்னு காட்டுது?'

நாற்பத்தொரு பெயரையும் அச்செடுத்திருந்தேன்.
மேலே, பேனாவில், என் பெயர்,
அந்த மார்ச்சின் தேதி.
நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
கீழே நைட் ஷிஃப்ட் ஏறியது.
மேசையில் டீ டம்ளர்
மறுபடி நகரத் தொடங்கியது.